பூண்டுத் தோலில் ஓர் ஊர்

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையிலேயே மூட்டம். எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. துவைத்த புடவை மூன்றாவது நாளாக ஈரம்.

நர்சரிப் பிள்ளைகள் பதினோரு பேரையும் பூம்பாறையைச் சுற்றிக் கூட்டிப் போனேன். கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக. கோயில், குழாயடி, ரேஷன் கடை, பஸ் நிற்கும் இடம். இனி பெரிய சார்ட்டில் ஊரை ஒட்ட வேண்டும். வயலுக்கு கேரட் இலை, கூரைக்குப் பூண்டுத் தோல். ஆளுக்கு ஒரு பிடி தோல் கொண்டுவரச் சொன்னேன்.

எல்லாம் சுயநலம்தான். வெள்ளிக்கிழமை நர்சரியை நடத்தும் டிரஸ்ட் மேடம் வருகிறார். சார்ட் பிடித்துப்போனால் பழனி நர்சரிக்கு மாற்றிவிடுவார். என் பாப்பாவுக்கு நாலு வயது, அவள் அப்பாவோடு பழனியில். மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். மற்ற நாளெல்லாம் யார் யார் பிள்ளைக்கோ மூக்குச் சிந்திவிடுகிறேன். இங்கே வந்து மூன்று வருஷம் ஆயிற்று, போதும்.

ஏப். 8, புதன்

வாங்க: மைதா (பசைக்கு), கலர் பேப்பர், இருமல் மருந்து.

தர்ஷினி பை நிறையத் தோல் கொண்டுவந்தாள். எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். மத்தியானம் அவள் அம்மா வந்து நின்றார். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைப்பூண்டில் ஒரு கொத்தையே உரித்துவிட்டாளாம். தோல் போன பல்லை நட முடியாது. மேடம் காதுக்குப் போனால்?

தர்ஷினி அம்மா திட்டவில்லை. "போகுது விடுங்க மிஸ். வாயே தெறக்காத பிள்ள, இப்ப ஓயாம பேசிக்கிட்டுக் கெடக்கு" என்றார். உரித்த பூண்டில் எனக்கும் ஒரு டப்பா. புளிக்குழம்பு வைத்தேன்.

ஏப். 9, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. ஊர் ஒட்டி முடிந்தது. நிஜமாகவே அழகு. பெருமையாக இருந்தது, அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

நர்சரிக்குப் பக்கத்தில் நீலக் கூரை, வாசலில் சேலை கட்டிய பொம்மை. நானாம்.

கடைசியாக பஸ். கொடைக்கானல் பக்கம் பார்த்து ஒட்டச் சொன்னால் கிஷோர் ஊர்ப் பக்கம் திருப்பி ஒட்டியிருக்கிறான். ஏன் என்று கேட்டேன்.

"இது வர்ற பஸ்ஸு மிஸ். போற பஸ்ஸு போயிருச்சு."

மைதா காய்ந்துவிட்டது. பிய்த்தால் ரோடும் கிழியும். விட்டுவிட்டேன்.

ஏப். 10, வெள்ளி

வெயில், அதிசயமாக. மேடம் வந்தார். சார்ட்டை விதவிதமாக போட்டோ எடுத்தார். நான் மாற்றல் பேச்சை எடுக்கும் முன்பே பையிலிருந்து ஒரு காகிதத்தை நீட்டினார். எங்கள் மிஸ்ஸை மாற்ற வேண்டாம் என்று பதினோரு அம்மாக்களின் கையெழுத்து. முதலில் தர்ஷினி அம்மா. நர்சரி ஆயா சொல்லியிருப்பார், நான் மாற்றல் கேட்கப்போவதை.

"இப்படி ஒரு டீச்சர நான் எப்படிம்மா இங்கேருந்து எடுக்கிறது?"

சிரித்தேன். வேறென்ன செய்ய. அவர்கள் மேல் கோபப்படக்கூட முடியவில்லை, அதுதான் ஆத்திரம். டப்பாவில் இன்னும் பாதிப் பூண்டு இருக்கிறது.

சாயங்காலம் போன் அடித்தேன். அவள் அப்பா எடுப்பதற்குள் பாப்பா பிடுங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அம்மா வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருந்தோம்.

"அம்மா, பஸ் ஏறிட்டியா?"

வர்ற பஸ்ஸுதான் நிக்குது பாப்பா, போற பஸ்ஸு போயிருச்சு என்றேன்.