உன் அம்மாவின் மீனுக்கு ஒரு பூச்சு

இன்று காலை ஆய்வகக் கதவைத் திறந்ததுமே இறால் ஓடு கொதிக்கிற நாற்றம் மூக்கில் அடித்தது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். நீ போன பிறகு எனக்கு உன் வாசனை இதுதானடி.

மாமல்லபுரத்தில் உங்கள் குப்பத்து இறால் ஓடுகளை அள்ளி மூட்டை கட்டிக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறுவோமே, நினைவிருக்கிறதா? "இன்னாமா, பஸ்ஸே நாறுது, இன்னா மூட்ட அது?" என்று கண்டக்டர் கத்துவார். "ஆராய்ச்சிண்ணா" என்பாய், டாக்டர் பட்டமே வாங்கிவிட்ட மிடுக்கோடு. எனக்குத்தான் மானம் போகும்.

நானோ என்ற சொல்லே அப்போது நம் கல்லூரிக்குப் புதிது. அந்த ஓட்டிலிருந்து எடுக்கும் பொருளை நுண்துகளாக்கி, கண்ணுக்குத் தெரியாத பூச்சாக மீன்மேல் பூசினால் மீன் சீக்கிரம் கெடாது. கூட இருந்தவர்களெல்லாம் இதை வைத்து வெளிநாடு போகக் கணக்குப் போட்டார்கள். உச்சிவெயில் ஏறியதும் விற்காத மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வருகிற உன் அம்மாதான் உன் கண்ணில் நின்றார். "எங்கம்மா கூடை சாயங்காலம் வரைக்கும் தாங்கணும்டி, அது போதும்" என்பாய்.

பூச்சு போட்ட சங்கரா மீன் கெடாமல் நின்ற அன்று, அதை அம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாய். நானும் பின்னாலேயே வந்தேன். அம்மா செவுளைத் திறந்து பார்த்தார், முகர்ந்தார்.

"ஐஸ்ல வச்சினு வந்து என்னாண்டயே கத வுடுறியா? கண்ணுக்கே தெரியாத மருந்து மீன காப்பாத்துதாம்!"

கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "உன்ன நம்ப வெக்கல, பாரு" என்று சபதம் போட்டாய்.

அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து உன் உடலைத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

வெயில் ஏறுகிறது, எடுத்துவிடலாம் என்று ஆண்கள் அவசரப்பட்டார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"கண்ணு, அந்த மருந்து கீதுல்ல, அத எம் பொண்ணு மேல தடவ முடியுமா? ஒரு நாளு, இன்னும் ஒரே ஒரு நாளு வூட்ல வச்சிக்கறேன்."

உன்னை நம்பிவிட்டார்டி. நீ கேட்க முடியாமல் கிடந்தபோதுதான் நம்பினார்.

அந்தப் பூச்சைப் பற்றி அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "முடியாதும்மா" என்றேன். இன்றும் மீனுக்குப் பூச்சு போடுகிறேன், கட்டுரை எழுதுகிறேன், பாடம் நடத்துகிறேன். அந்த ஒரு சொல் மட்டும் நெஞ்சை விட்டு இறங்கவேயில்லை.