யானைக்கு ஓய்வு கொடுத்த மச்சானுக்கு

மச்சான்,

காலையில் குட்வில் எஸ்டேட்டில் மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டில் ஜன்னலுக்குப் படாக் மரம் அறுத்தார்கள். சிவப்புத் தூள் பறந்து வந்து சட்டையில் ஒட்டியது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆமாம், நானேதான் எழுதுகிறேன். பேத்தி எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

அந்தமான் லாங் ஐலண்டில், அந்த மரம் அறுக்கும் மில்லின் பெரிய இயந்திர வாளில் நாம் இருவரும் நின்ற காலம் அது. என் தங்கையை உனக்குப் பேசி முடித்திருந்தது. மெட்ராஸ் கப்பலுக்கு வேண்டிய பலகை முழுவதும் ஏறினால்தான் நமக்கு லீவு என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அந்தக் கப்பலை விட்டால் தபசுக்காலம், நாற்பது நாள் நோன்பு, தொடங்கிவிடும். ஈஸ்டர் பாஸ்கு முடியும்வரை தூத்துக்குடி மாதா கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள்.

எல்லோரும் அவசரப்பட்டோம். அதுதான் வினையானது. யானை இழுத்து வந்த மரங்கள் வாளுக்கு முன்னால் மலையாகக் குவிந்தன. வேண்டிய மரம் எப்போதும் அடியில் கிடந்தது. அதை உருவி எடுக்கும்வரை வாள் வெறுமனே சுற்றியது. சங்கு ஊதினால் மொத்தப் பேரும் சோற்றுக்குப் போனோம். அப்போதும் வாள் நின்றது.

குவியலையே பார்த்துக்கொண்டிருந்த நீ, "லேய், மொதல்ல யானைய நிப்பாட்டச் சொல்லு" என்றாய்.

"மாப்பிளைக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டோ?" என்றேன்.

"கப்பலுக்குப் போற பலகை எல்லாம் இந்த ஒத்த வாள் வழியாத்தான போவணும்? இது திங்குற வேகத்துக்கு மரம் வந்தாப் போதும்."

மேஸ்திரி ஓடிவந்து பாதி இந்தியில் கத்தினார். "ஹாத்தி சும்மா நிக்குது, தும் லோக் என்ன பண்றீங்க?"

"ஹாத்தி ஆராம் பண்ணட்டும் சாப். வாள்தான் ஓயக்கூடாது" என்றாய்.

அவர் குவியலைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "டீக் ஹை. இன்னிக்கு ஒருநாள் பாக்கலாம்."

யானை ஓடையில் குளித்தது. மரம் இழுத்தவர்கள் குவியலைப் பிரித்து, அறுக்க வேண்டிய வரிசையில் அடுக்கி, சேறும் கல்லும் சுரண்டிக் கொடுத்தார்கள். வாள்காரர்கள் முறை வைத்துச் சாப்பிட்டோம். உன் முறை வந்தபோது குழம்பில் மீன் இல்லை. "மாப்பிளைக்குத் தபசு முன்னாலயே வந்துட்டு" என்று சிரித்தோம். மறுநாள் மேஸ்திரியே யானையை ஓடைக்கு அனுப்பிவிட்டார்.

கடைசிப் பலகைக்குப் பின்னால் நாமும் கப்பலேறினோம். எத்தனை முறை குளித்தும் உன் தலைமுடியில் அந்தச் சிவப்பு போகவில்லை. கல்யாணத்தன்று தங்கை என் காதில் கேட்டாள்: "என்னண்ணே, இவுக தலைக்கா மருதாணி வச்சிருக்காக?" உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும் அதைச் சொல்லித்தான் முதன்முதலாகச் சிரித்தாள்.

இதை எழுத உட்கார்ந்தபோது சொல்ல வேண்டியதெல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடித்து வந்தது. என் கை மெதுவாகத்தான் போகும். வார்த்தைமேல் வார்த்தை ஏறி, பல தாள்களைக் கிழித்துப் போட்டேன். பிறகு உன்னை நினைத்துக்கொண்டேன். மற்ற ஞாபகங்களை ஓடையில் குளிக்க விட்டுவிட்டு, கைக்கு வேண்டியதை மட்டும் கூப்பிடுகிறேன்.

பேத்தி சாப்பிடக் கூப்பிடுகிறாள். நீங்கள் முதலில் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கை ஓடிக்கொண்டிருக்கிறது, மச்சான்.