வியாழக்கிழமைப் பட்டினி

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
6 பிப்ரவரி 2025, வியாழன்

பியா அக்காவுக்கு,

இன்றும் பட்டினி. அங்கே நீயும். பசியோடு எழுதுகிறேன், நீ சாப்பிட்ட ஒரு நாளில் இதைப் படிப்பாய்.

நாலாம் மாதம். போன முறை இந்த இடத்துக்கு வரவேயில்லை, மூன்றிலேயே கலைந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு வாரமும் புது ஊர் போல இருக்கிறது. இந்தக் குழந்தை பிறக்கும்வரை வியாழன்தோறும் இருவரும் இரவுவரை சாப்பிட வேண்டாம், குழந்தை இயேசுவுக்கு நேர்ந்துகொள்வோம் என்று நான் எழுதியபோது உடனே சரி என்றாய். நீ மடத்துக்குள் போன பிறகு நாம் சேர்ந்து செய்கிற ஒரே காரியம் இதுதான்.

மாலையில் நீல் விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்குக் கூட்டிப்போகிறான். நவநாள் ஜெபம் முடிந்து வெளியே சமோசா. அதுதான் நாளின் முதல் சாப்பாடு. கட்டியவனுக்கே அது தெரியாது. கல்லூரியில் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

சமோசாவுக்குப் பிறகு ஒரு வலி. வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து, முதுகு வழியாகத் தோள்பட்டைவரை. நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. "வாய்வும்மா. சும்னே பயப்படாதே, பெருங்காய மோரு குடி" என்கிறார் மாமியார். கர்ப்பிணிக்கு எந்த வலி வந்தாலும் அதற்கு வாய்வு என்று பெயர்.

குழந்தை இன்னும் அசையவில்லை. அதற்குக் காலம் இருக்கிறதாம்.

உன்
லீனா

*

மடம், சேலம்
15 பிப்ரவரி 2025

லீனா குட்டிக்கு,

உன் எழுத்து வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. பசித்தால் உனக்குச் சாயும்.

வலியை டாக்டரிடம் சொல். மோரை நம்பாதே. நான் இப்படி எழுதினேன் என்று மாமியாரிடம் சொல்லாதே.

வியாழக்கிழமைகளில் எனக்குச் சமையல்கட்டு வேலை. உப்புப் பார்க்க சகோதரி சொர்ணத்தைக் கூப்பிடுவேன். "உன் தங்கச்சி புள்ளைக்கும் சேத்துப் பாக்குறேன்" என்று சொல்லி இரண்டு கரண்டி சாம்பார் குடித்துவிடுகிறார். உன் பிள்ளைக்கு இங்கே இப்படி ஒரு கணக்கு ஓடுகிறது.

மார்ச் ஐந்து, சாம்பல் புதன், தவக்காலத் தொடக்கம். அன்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுவரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, வருவதைப் பிரிப்பதும் இல்லை. மதர் எடுத்து வைத்திருந்து பிறகு தருவார். உனக்குத் தெரிந்ததுதான். ஏதாவது கேட்பதானால் அதற்கு முன்பே எழுது.

அன்பும் ஜெபமும்,
பியா

*

ரிச்சர்ட்ஸ் டவுன்
28 பிப்ரவரி 2025

அக்கா,

டாக்டர் லாவண்யாவிடம் சொன்னேன். ஸ்கேன் எடுத்தார்கள். முதலில் குழந்தையைப் பார்த்துவிட்டுக் கருவியை மேலே நகர்த்தினார்கள். பித்தப்பையில் கற்கள். பொடிப்பொடியாக, நிறைய. கர்ப்ப காலத்தில் பித்தநீர் மந்தமாகிவிடும், சிலருக்கு இப்படிச் சேரும் என்றார்.

"மேல் வீட்ல கல்லு, கீழ் வீட்ல புள்ள. அட்வான்ஸ யார்கிட்ட வாங்கறது?" என்றான் நீல். சிரித்தால் வலித்தது.

எண்ணெய் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டும். "ஊட்டா, சாப்பாடு மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்கம்மா. வயிறு காலியா இருந்தா பித்தம் அங்கயே தேங்கி நிக்கும்" என்றார் டாக்டர். மறுபடி வலி வந்தால் பையை எடுத்துவிடுவது நல்லது, அதுவும் இந்த மாதங்களில். கருப்பை பெரிதாகிவிட்டால் கஷ்டம். மயக்க மருந்து குழந்தையைப் பாதிக்குமா என்று கேட்டேன். பெரும்பாலும் பாதிக்காது என்றார். 'பெரும்பாலும்' என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்தேன்.

பட்டினி கிடப்பதை அவரிடம் சொல்லவில்லை.

கேட்க வேண்டியது இதுதான். வியாழக்கிழமையை விட்டுவிடட்டுமா? விட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். விடாவிட்டாலும் அதே பயம். நேர்ந்தது இருவரும், நான் மட்டும் எப்படி விடுவது? மடத்துக்குப் போன் செய்யலாம், மதர் எடுப்பார். நான் சாப்பிடலாமா என்று அக்காவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

'சாப்பிடு' என்று ஒரு வார்த்தை எழுது. போதும். அதுவரை கிடக்கிறேன்.

லீனா

*

ஆஸ்பத்திரி
14 மார்ச் 2025

அக்கா,

பதில் வரவில்லை. என் கடிதம் சாம்பல் புதனைத் தாண்டித்தான் வந்து சேர்ந்திருக்கும். இதையும் நீ இப்போது படிக்கப்போவதில்லை. தெரிந்தே எழுதுகிறேன்.

நேற்று வியாழன். மத்தியானம் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போது வலி. பிறகு வாந்தி, காய்ச்சல். அவசரப் பிரிவில், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்றார்கள். முந்தின இரவு என்றேன். நீல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"ஒவ்வொரு வியாழனுமா?"

தலையாட்டினேன். நீயும் கிடப்பதைச் சொன்னேன். ஈரத் துணியால் என் முகத்தைத் துடைத்தான். பிறகுதான் சொன்னான்.

"உங்க அக்கா கிடக்கட்டும், லீனா. அவங்க வயித்துல யாரும் இல்ல."

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். உனக்கு எழுதும்போது எதையும் விட்டுப் பழக்கமில்லை.

பித்தப்பை வீங்கியிருக்கிறது. நாளை அறுவை சிகிச்சை. வாயில் ஒன்றும் கூடாது என்று தலைமாட்டில் அட்டை மாட்டியிருக்கிறார்கள். இதுவும் பட்டினிதான். ஆனால் இதில் நீ இல்லை. நானும் குழந்தையும் மட்டும்.

லீனா

*

ரிச்சர்ட்ஸ் டவுன்
20 மார்ச் 2025, வியாழன்

அக்கா,

வீட்டுக்கு வந்துவிட்டேன். குழந்தை நன்றாக இருக்கிறது. மயக்கம் தெளிந்ததும் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார்கள். யாரோ அவசரமாக மிஷினில் துணி தைப்பது போல ஓடியது.

கற்களை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுத் தந்தார்கள். மாமியார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வாய்வு இவ்ளோ கெட்டியாவா இருக்கும்" என்றார். தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. அன்றிலிருந்து கஞ்சியை அவரே ஆற்றித் தருகிறார்.

இன்று மத்தியானம் கஞ்சியும் புடலங்காய்க் கூட்டும். பசித்தது. யாரையும் கேட்கவில்லை. முதல் வாய்க்கு நீ நினைவுக்கு வந்தாய், சமையல்கட்டில், பசியோடு. இரண்டாம் வாய்க்கு உப்புப் போதாது என்று தோன்றியது.

தட்டு காலியான பிறகு உள்ளே ஏதோ அசைந்தது. குழந்தையா குடலா தெரியவில்லை. குழந்தை என்றே வைத்துக்கொள்கிறேன்.

நீ கோபிப்பாயா தெரியவில்லை. கோபித்தாலும் அடுத்த வியாழன் சாப்பிடுவேன்.

உன்
லீனா

*

மடம், சேலம்
21 ஏப்ரல் 2025

என் லீனாவுக்கு,

நேற்று உயிர்ப்புத் திருப்பலி முடிந்ததும் மதர் உன் கடிதங்களைச் சேர்த்துத் தந்தார். கடைசித் தேதியைத் தேடிப் பிரித்தேன். 'குழந்தை நன்றாக இருக்கிறது' என்ற வரிவரை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து மற்றவற்றை.

தவக்காலத்தின் முதல் வாரமே தபால் தட்டில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். சாய்ந்திருந்தது. கேட்டிருந்தால் மதர் அப்போதே தந்திருப்பார். கேட்காமல் இருப்பதை ஒரு பெரிய ஒறுத்தலாக நினைத்தேன். அதை உனக்காகவும் குழந்தைக்காகவும் ஒப்புக்கொடுத்தேன். உறைக்குள் நீ ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தாய்.

நீல் சொன்னது சரி என்று அவனிடம் சொல். என் வயிற்றில் யாரும் இல்லை. நான் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கிடக்கலாம். உன்னோடு சேர்ந்து எதையாவது செய்ய வேண்டும் என்ற என் ஆசையில் அது எனக்குத் தெரியவில்லை.

நீ கஞ்சி குடித்த அன்று நான் பட்டினி. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வியாழனும். யாருக்காக என்று சகோதரி சொர்ணத்திடம் கேட்டேன். "எனக்காகன்னு வச்சிக்க, நான்தான் ரெண்டு பங்கு தின்னேன்" என்றார்.

கோபமா என்று கேட்டாய். நீ யாரையும் கேட்காமல் சாப்பிட்ட அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நேர்ச்சையை முடித்துவைக்கும்படி இங்கே திருப்பலிக்கு வரும் சாமியாரிடம் சொன்னேன். நீ முடித்துவிட்டாய், அவர் ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான்.

மதரிடம் இன்னொன்றும் கேட்டேன். நாங்கள் வாழும் உள் அடைப்புக்குள் வெளியார் யாரும் வர முடியாது. நீ வந்தாலும் நடுவே கம்பி இருக்கும். ஆனால் பேசத் தெரியாத குழந்தைக்கு அந்த விதி கிடையாதாம். கையில் வாங்கிக்கொள்ளலாமாம், உள்ளே தூக்கிப்போய் எல்லோருக்கும் காட்டலாமாம்.

ஆகஸ்டில் பிறக்கட்டும். உன் உடம்பு தேறட்டும். அவசரமில்லை. பேசத் தொடங்குவதற்குள் கொண்டு வா.

பியா