பங்குக் கிணற்றின் சாவி

பங்காளி,

இன்று காலை மோட்டார் அறை வாசலில் கிடக்கும் பட்டைக் கல்லைப் புரட்டினேன். இத்தனை வருஷம் சாவி கிடந்து கிடந்து, அதன் வடிவிலேயே மண்ணில் ஒரு துருக்கறை பதிந்திருக்கிறது. சாவி என் இடுப்பு மடியில் இருக்கிறது. போன மாதம் உன் மகன் உன் பங்கு நிலத்தில் போர் போட்டுவிட்டான். டெல்லியில் நீ எழுந்து பேசினாயே, அந்தப் போர் இல்லை, ஆழ்துளைக் கிணறு. "பெரியப்பா, இனிமே தண்ணி முறை கிறை எல்லாம் வேணாம், கிணத்த நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் கைநாட்டு. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எழுத எனக்குத் தெரியாது, படிக்க நீ இல்லை. நடுவில் அவள் பாடுதான்.

பட்டாளத்துக்குப் போக ஆசைப்பட்டவன் நான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். படிப்பில்லாதவனுக்கும் சமையல், சலவை என்று ஏதாவது கொடுப்பார்கள் என யாரோ சொல்லியிருந்தார்கள். நீ எனக்குத் துணைக்கு வந்தவன். ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறும்போது, திரும்பி வரும்போது பிரியாணி வாங்கித் தருவாயா என்றுதான் கேட்டாய். திண்டுக்கல் மைதானத்தில் குதிகாலைச் சேர்த்து நிற்கச் சொன்னார்கள். குதிகால் சேரும் முன்னே என் முட்டி இரண்டும் இடித்துக்கொண்டன. 'முட்டி தட்டுது' என்று என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, வேப்பமரத்தடியில் சும்மா நின்ற உன்னைக் கூப்பிட்டு நெஞ்சை அளந்தார்கள். அன்றைக்கு ஊர் நம் இருவருக்கும் புதுப் பெயர் வைத்தது. நீ மிலிட்டரி. நான் முட்டி.

பதினேழு வருஷம் நீ பனியில் நின்றாய். நான் இங்கே தண்ணீர் பாய்ச்சினேன். லீவில் வரும்போதெல்லாம் உன் நடை நிமிர்ந்துகொண்டே போனதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நீ ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்று பஸ் நிறுத்தத்துக்கே மேளம் வந்தது. நான் வரவில்லை. மறுநாள் நீயே பட்டாளத்துக் கம்பளி ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். பனியில் உன்னைக் காப்பாற்றிய கம்பளி என்றாய். வாங்கினேன். நாலு பேர் பார்க்க, தொழுவத்தில் நின்ற மயிலைக் காளையின் மேல் போர்த்தினேன்.

நீ வந்த வழியே திரும்பிப் போனாய். அன்றோடு நமக்குள் பேச்சு நின்றது. மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

பேச்சு நின்றதே தவிர முறை நிற்கவில்லை. மூன்று நாள் உனக்கு, மூன்று நாள் எனக்கு. முறை முடிந்த காலையில் மோட்டாரை அணைத்து, அறையைப் பூட்டி, சாவியைக் கல்லுக்கு அடியில் வைக்க வேண்டும். நம் அப்பன்மார் வைத்த வழக்கம். வரப்பில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். சாவி மட்டும் கல்லுக்கு அடியில் போய்வந்துகொண்டிருந்தது.

பிறகு நீ எம்.பி. தேர்தலில் நின்றாய். பேசாதவன் எப்படி ஓட்டுக் கேட்பான் பார்ப்போம் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு நீ மட்டும் வந்து, "ஏலே முட்டி, கம்பளி கடிக்காம இருக்கா மாட்டுக்கு?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோர் கொடுத்தேன். ஓட்டை மட்டும் மாற்றிப் போட்டேன். அப்படியும் நீ ஜெயித்தாய்.

எல்லையில் சண்டை மூண்ட சமயம் டீக்கடை டிவியில், டெல்லி சபையில் உன்னைப் பார்த்தேன். உன் கட்சிக்காரர்களே, அண்டை நாட்டுக்குப் போகும் ஆற்றை அடை, தூதரைத் துரத்து என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நீ எழுந்தாய். அடித்தால் திருப்பி அடிக்கத்தான் வேண்டும், எல்லையில் நின்றவன் நான், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை என்றாய். ஆனால் ஓடுகிற தண்ணீரையும் பேசுகிற வாயையும் அடைக்காதீர்கள் என்றாய். அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை எழுந்து நிற்க வைத்தது. "எங்கள் ஊரில் இரண்டு பங்காளிகள் மூன்று வருஷம் பேசாமல் இருந்தார்கள். பங்குக் கிணற்றில் ஒரு தடவைகூட முறை மாறவில்லை."

இங்கே பாதிப் பேர், பட்டாளத்துக்காரன் பயந்துவிட்டான் என்றார்கள். மீதிப் பேர் பத்திரிகையில் உன் படத்தைக் காட்டித் திரிந்தார்கள். டீக்கடைக்காரர், "என்ன முட்டி, ஒங்க கிணறு டெல்லி வரைக்கும் போயிருச்சு, நீ இன்னும் இங்கயே இருக்கியே?" என்று கேட்டார். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். என் கிணறு, என் சண்டை, என் சாவி. பெயர் உனக்கு. அதையும் துணைக்கு வந்தவனே வாங்கிப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை நீ ஊருக்கு வந்தபோது கிணற்றடியில் மறித்துக் கேட்டேன். "எம் பேரச் சொன்னா ஒன் வாய் முத்தா உதுந்துரும்?"

"ஒம் பேரச் சொன்னா, ஊருக்குள்ள எவனாச்சும் எந்திரிச்சு, அந்தச் சித்திரையில என் வெங்காயம் கருகுன கதையவும் சொல்லிருவான் அப்பு" என்றாய்.

மருமகள் இங்கே பேனாவை நிறுத்தி, இதையும் எழுதவா மாமா என்று கேட்கிறாள். எழுதட்டும். பேச்சில்லாத அந்த நாட்களில் ஒரு சித்திரை. உன் சின்ன வெங்காயம் காய் பிடிக்கும் பருவம். முறை முடிந்த காலையில் நான் சாவியை வைக்கவில்லை. உன் மூன்று நாளும் என் நிலத்துக்கே பாய்ச்சினேன். நீ வந்து கல்லைப் புரட்டிப் பார்த்ததைக் கிளுவை வேலி மறைவிலிருந்து பார்த்தேன். கல்லைப் பழையபடி கவிழ்த்துவைத்துவிட்டுப் போனாய். உன் பயிரில் பாதி போனது. அடுத்து சாவி உன் கைக்கு வந்தபோது நீயும் அப்படியே செய்வாய் என்று காத்திருந்தேன். நாலாம் நாள் விடியும் முன்பே சாவி கல்லுக்கு அடியில் இருந்தது.

அது உனக்கு மறந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. அத்தனை பெரிய சபையில் நின்று, தெரிந்தே, எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறாய்.

நீ கண்மூடிய பிறகு உன் உடம்பைக் கொடி போர்த்திக் கொண்டுபோனார்கள். குழல் ஊதினார்கள். பொறாமைப்பட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதெல்லாம் பட்டாளம் கொடுத்தது. என் முட்டி தட்டாமல் இருந்திருந்தால் எனக்கும் கிடைத்திருக்கும். அந்தப் பொய் மட்டும் எனக்கு வந்திருக்காது பங்காளி. எந்த மைதானத்தில் எப்படி அளந்தாலும் எனக்கு அது தேறியிருக்காது. இன்றுவரை என்னைத் தூங்கவிடாத பொறாமை அது ஒன்றுதான்.

இப்போது ஆறு நாளும் தண்ணீர் எனக்கே. அந்தச் சித்திரையில் நான் ஆசைப்பட்டது அதைத்தான். இன்று உன் முறையின் முதல் நாள். காலையில் மோட்டாரை அணைத்து அறையைப் பூட்டினேன். கல்லுக்கு அடியில் வைத்தால் எடுக்க ஆளில்லை என்பதால் சாவி என் மடியிலேயே இருக்கிறது. மூன்று நாளைக்கு அதைத் தொடமாட்டேன்.

என் வெங்காயம் கொஞ்சம் வாடுகிறது. வாடட்டும்.