இடுப்பளவு தண்ணீரில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம். நம்மூர்ப் பத்திரிகையில் ஒரு படம் வருமாம், பார்த்துப் பதறாதே என்று சொல்லத்தான் இந்த அவசரக் கடிதம்.

இங்கே வின்னிப்பெக்கில் ஆறு ஊருக்குள் புகுந்துவிட்டது. யாரும் என்னை அனுப்பவில்லை. படம் எடுத்தபின் விற்றுக்கொள்ளலாம் என்று வழக்கம்போல நானே ஓடினேன். மூழ்கிய வீடுகளின் படங்களைப் பத்திரிகை ஆசிரியரிடம் நீட்டினால், "ரோடா, காலைலேருந்து பத்துப் பேர் இதே வீட்டைக் காட்டிட்டாங்க. ஆள் இருக்கற படமா கொண்டா" என்றார்.

ஒரெஸ்ட் என்று ஒருவன், என்னைப்போலவே படம் விற்று அலைபவன். "என்கிட்ட இருக்கே!" என்று ஒன்றை எடுத்து வைத்தான். இடுப்பளவு தண்ணீரில், கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நான்! முதல் பக்கத்துக்கு வாங்கிக்கொண்டார்கள்; நம்மூர்ப் பத்திரிகைக்கும் அனுப்புகிறார்களாம். "கோவிச்சுக்காத, காபி வாங்கித் தரேன்" என்கிறான் படுபாவி.

தண்ணீர் அப்படியொன்றும் குளிரவில்லை. ஆனாலும் விரல்நுனி திறந்த கையுறை ஒரு ஜோடி பின்னி அனுப்பு.

இன்னொரு தெருவும் மூழ்குகிறதாம், வானொலி அலறுகிறது. கிளம்புகிறேன். "உன் படம் ஒன்று அனுப்படி" என்று எத்தனை தடவை கேட்டிருப்பாய்! என்னை எடுக்க இங்கே யாருமில்லை அம்மா. பத்திரிகையில் வரும் இந்தப் படத்தை வெட்டி வைத்துக்கொள்.

ரோடா