ஹெலனுக்கு இன்னும் சொல்லவில்லை

என் சுகந்தியைப் பெற்றவருக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில் உங்களை நினைத்து அழுததைவிட உங்கள் மேல் எரிச்சல்பட்டதுதான் அதிகம். செத்தவரிடம் போய்ச் சண்டை போடுகிறாயே என்று கேட்காதீர்கள். உயிரோடு இருந்தபோது நீங்கள் காருக்கு அடியில் அல்லவா படுத்திருந்தீர்கள், எப்போது போடுவது?

உங்கள் மஸ்டாங் நலம். அதைத்தானே முதலில் கேட்பீர்கள்? துரை பங்களாவை ஹோட்டலாக்கியபோது, கராஜில் கோழி அடைந்துகொண்டிருந்த அந்த அமெரிக்கக் காரை, "வேணும்னா இழுத்துக்கிட்டுப் போ" என்றார்கள். தேயிலை ஃபேக்டரி மெக்கானிக்கான நீங்களும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு இழுத்து வந்தீர்கள். நாம் இருக்கிற லயத்து வீட்டு வரிசைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பதினோரு வருடம் அதோடு குடித்தனம் நடத்தினீர்கள். ஜப்பான் என்ஜினைத் தூக்கி வைத்தால் ஒரே மாதத்தில் ஓடும் என்று ஹட்டன் டவுன் முழுக்கச் சொன்னது. "ஒரு ஆணின்னாலும் அதோட ஒரிஜினல் ஆணிதான் போடுவேன்" என்றீர்கள். அந்த ஒரிஜினலைத் தேடி அமெரிக்கா வரை எழுதிப் போட்டுத்தான் ஹெலனைப் பிடித்தீர்கள்.

லயத்துக்கு ஏது விலாசம்? எந்தத் தபாலும் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வரும். முதல் பார்சல் வந்த அன்று, கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு நின்ற அத்தனை பெண்களுக்கும் கேட்கிற மாதிரி கணக்கப்பிள்ளை கூப்பிட்டார்.

"பாக்கியம், ஒன் வீட்டுக்காரருக்கு அமெரிக்காவுல இருந்து பார்சல். அனுப்புனவங்க பேரு ஹெலனாம்."

"எந்த ஹெலன்? மேட்டு லயத்து ஹெலனா?" என்று ஒருத்தி கேட்டாள். "அடியே, சக்களத்தி சாமான் அனுப்பியிருக்காடி!" என்று இன்னொருத்தி. மடுவமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுத்தான் அந்தப் பார்சலை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ஏறி வந்தேன். வயிறு மட்டும் எரிந்தது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? சோப்புப் போட்டுக் கை கழுவினீர்கள். நகத்திடுக்கெல்லாம் தேய்த்தீர்கள். நான் சுட்ட ரொட்டியைச் சாப்பிட வரும்போது சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு உட்காருகிற மனிதர், அவள் அனுப்பிய கண்ணாடி ஒன்றைத் தொடுவதற்கு அத்தனை சுத்தம். "யாருங்க அது?" என்று கேட்டேன். "வயசானவங்க. அவங்க வீட்டுக்காரர் சேத்து வச்சிட்டுப் போன சாமானு" என்றீர்கள். வயசானவள் என்றால் பொறாமை வராது என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஒவ்வொரு பார்சலிலும் ஒரு கடிதம் இருக்கும். நீங்கள் அகராதியை வைத்துக்கொண்டு படிப்பீர்கள், அதை வைத்துக்கொண்டே பதிலும் எழுதுவீர்கள். எனக்கு ஒரு வரி எழுதியதுண்டா? பக்கத்திலேயே இருக்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்பீர்கள். சரிதான். ஆனால் பக்கத்தில் இருந்தவளிடம் பேசவும் இல்லையே.

கருமாதி முடிந்து, ராகலைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நம் சுகந்தி லீவுக்கு வந்தபோது, காரின் முன்பெட்டியில் இருந்த எல்லாக் கடிதத்தையும் அவள் மடியில் கொட்டினேன். "படி. ஒண்ணு விடாமப் படி" என்றேன். காதல் கடிதம் என்றே நினைத்திருந்தேன். இருந்திருந்தால் உங்கள் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எல்லாம் ஆணியும் கதவுப் பிடியும்தான். எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

கடைசிக்கு முந்தின கடிதத்தில் சுகந்தி நின்றுவிட்டாள். "என்னாடி?" என்றேன். ஹெலன் கேட்டிருந்ததை அவள் மெதுவாகத் தமிழில் சொன்னாள். மேடு ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, டாக்டரிடம் போனீர்களா? மனைவியிடம் சொன்னீர்களா?

நான் உங்களுக்கு ஒரு சாண் தள்ளிப் படுத்திருந்தேனே. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு உங்கள் நெஞ்சு வலி தெரியும், எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் உங்களைத் தூக்கிக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். நான் பயப்படுவேன் என்று மறைத்தீர்களா, அல்லது சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லையா? இதில் எது உண்மை என்றாலும் எனக்கு ஆறவில்லை.

காரில் இன்னும் போடாமல் இருந்தது கார்பரேட்டர் ஒன்றுதான். அதுவும் அவளிடமிருந்து வர வேண்டியது. வரக்கூடாது என்று வைராக்கியம் வந்துவிட்டது எனக்கு. நோட்டன் பிரிட்ஜில் இருந்து உங்கள் சிங்களக் கூட்டாளி, மெக்கானிக் நிமல் பாஸைக் கூப்பிட்டு, ஏதோ ஜப்பான் வேனில் கழற்றியதைப் போடச் சொன்னேன். திட்டாதீர்கள், முழுக்கக் கேளுங்கள். கார் ஓடியது. அதில் ஸ்டீயரிங் இடது பக்கம் அல்லவா, நிமல் அங்கே உட்கார்ந்து ஓட்ட, நம் ஊர்க் கார்களில் டிரைவர் இருக்கிற வலது பக்கத்தில் நான். மலையில் நின்ற பெண்கள், "பாக்கியம் காரு ஓட்டுதுடி!" என்று கத்தினார்கள். கொஞ்ச நேரம் உங்களையும் ஹெலனையும் சேர்த்து ஜெயித்துவிட்டேன்.

இரண்டாவது முடக்கு வளைவில் ஏற்றம் வந்ததும் கார் இருமி இருமி நின்றது. நிமல் இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கே, வேற ஒண்ணும் சரிவராது. அண்ணன் சொன்ன சாமான்தான் வேணும்" என்றார். சாக்கை இறக்கி வைத்துவிட்டு வந்த பெண்கள்தான் தள்ளி வந்து கொட்டகையில் விட்டார்கள்.

போன வாரம் ஹெலனிடமிருந்து கடிதம் வந்து, கணக்கப்பிள்ளை மறுபடியும் உங்கள் பெயரைப் படித்தார். படித்த பிறகுதான் உணர்ந்திருப்பார் போல, குரல் இறங்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. கடிதத்தைப் போனில் படமெடுத்து சுகந்திக்கு அனுப்பினேன். கார்பரேட்டரை வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கிறாளாம். ஏன் பதில் இல்லை, நெஞ்சு எப்படி இருக்கிறது, அங்கே மழையா, உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள்.

"ரெண்டு வரி எழுதிப் போடுவோம்மா, பாவம்" என்றாள் சுகந்தி.

"யாருடி பாவம்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

ஆறு நாளாக அந்தக் கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். என் பழைய பொறாமை எல்லாம் ஒன்றுமில்லை, இதுதான் பொறாமை என்று இப்போது தெரிகிறது. இந்த உலகத்தில் ஒரு வீட்டில் நீங்கள் இன்னும் சாகவில்லை. உங்களுக்கு நெஞ்சு வலிக்கிறது, மழையில் நனைகிறீர்கள், பதில் எழுதச் சோம்பல்படுகிறீர்கள். அந்த வீடு என் வீடு இல்லை. உங்களை நான் தகனம் செய்து எட்டு மாதமான பிறகும் அவள் உங்களை உயிரோடு வைத்திருக்கிறாள்.

அவளை இப்படியே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். எங்காவது ஓர் இடத்தில் இருந்துவிட்டுப் போங்களேன் என்று. ஆனால் காத்திருக்கிறாளே, அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள்தானே.

நாளைக்கு சுகந்தி வருகிறாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஹெலனுக்கு இங்கிலீஷில் எழுதட்டும். நெஞ்சு வலியை என்னிடம் நீங்கள் சொல்லவில்லை என்பதையும் எழுதச் சொல்வேன், மறைக்கமாட்டேன். அந்த வீட்டில் இருந்தும் உங்களை நானேதான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அந்தக் காரியத்தை வேறு யாருக்கும் விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பெஞ்சாதி,
பாக்கியம்