காற்றுக் குறைந்த அந்தப் பெட்டிமேல் எனக்குப் பொறாமை

என் எஸ்தருக்கு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்கத்தான் கை வருகிறது. ஆனால் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பல்லாவரம் சந்தையில் நீ பேரம் பேசி வாங்கிய செம்பருத்தி பட்டுப்போய்விட்டது. தண்ணீர் ஊற்றத்தான் ஊற்றினேன். உன் லேபில் இருக்கிறதுகள் மட்டும் ஜம்மென்று இருக்கின்றனவாம்! நீ உறைய வைத்துவிட்டுப் போன செல்களிலிருந்து எடுத்து வளர்க்கிறேன் என்று உன் கூட வேலை பார்த்த கல்பனா போனில் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆமாம், பொறாமைதான். யாருக்கோ ஆபரேஷன் செய்தபோது எடுத்த கொழுப்பு, குப்பைக்குப் போக வேண்டியது. அதிலிருந்து நீ பிரித்த ஸ்டெம் செல்கள். கண்ணுக்கே தெரியாததுகளோடு ஒரு புருஷன் போட்டி போட வேண்டியிருந்தது, பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் சேலையூர் முழுக்க பிரியாணி வாசனை. நீயோ, "அதுங்களுக்கு இன்னிக்கு மீடியம் மாத்தணுங்க, இல்லன்னா பட்டினி கிடக்கும்" என்று மேடவாக்கம் பஸ் பிடிக்க ஓடுவாய். நான் பட்டினி கிடக்க மாட்டேனா?

கரண்ட் போனால் போதும், லேபுக்குப் போன் போட்டு "அதுங்க இருக்கிற பெட்டிக்கு ஜெனரேட்டர் ஓடுதா?" என்பாய். பக்கத்தில் ஒருத்தன் வேர்த்து ஒழுகிக்கொண்டிருப்பான். அவனை யார் கேட்டது?

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அப்படி என்னதான் வெச்சிருக்கே அந்தப் பெட்டிக்குள்ள?"

நீ சிரித்தாய். "உடம்புக்குள்ள, கொழுப்பு நடுவுல இருக்கிறப்ப அதுங்களுக்கு ஆக்ஸிஜன் கொஞ்சமாத்தாங்க கிடைக்கும். வெளிய எடுத்து நம்ம காத்துல வெச்சா, அதுங்களுக்கு அது ரொம்ப ஜாஸ்தி. சீக்கிரமே கிழடு தட்டிடும். அதான் நைட்ரஜனை விட்டு ஆக்ஸிஜனைக் குறைக்கிறேன். வேகமாப் பெருகுது, ரொம்ப நாள் இளசாவும் இருக்குது. ஒரேயடியாக் குறைச்சா சோர்ந்துடும். அளவு தெரியணும்."

அவற்றுக்குக் காற்றைக்கூட அளந்து கொடுத்தாய். எனக்கு ரசத்தில் உப்பு அளவாக விழுந்த நாள் உண்டா? சரி, ஒரு தடவை திறந்து காட்டு என்றால் அதுவும் கிடையாது. "சும்மா சும்மா திறந்தா வெளிக்காத்து பூந்துடும்" என்றாய். கல்யாண நாளன்று கேட்டபோதும் அதே பதில்தான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் நான். மத்தியானம் நீ சாப்பிட வருவாய். ரூம் கதவு திறக்கும், கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, பிறகு மூடும். அரைத்தூக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டே மனசுக்குள் பொருமுவேன். அங்கே அதுகளைக் கொஞ்சுகிறவளுக்கு இங்கே என்னிடம் ஒரு வார்த்தை பேச வாய் வராதா? அதுகளிடம் இருக்கிற எது என்னிடம் இல்லை? கேட்க வேண்டும் என்றிருந்தேன், எஸ்தர். அதற்குள் உனக்கு நிமோனியா வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உன் முகத்தில் மாஸ்க்கை மாட்டினார்கள். அதுங்களுக்குக் கொஞ்சம் ஆக்ஸிஜனே போதுமாக இருந்தது. உனக்கு எவ்வளவு கொடுத்தும் போதவில்லை. அன்றைக்கு அவற்றை மனசார வெறுத்தேன்.

போன சனிக்கிழமை உன் லேபுக்குப் போனேன். "இன்னிக்கு மீடியம் மாத்தற நாள்ணா. எப்படியும் திறக்கணும், வந்து பாருங்க" என்று கல்பனாதான் கூப்பிட்டாள். கோட்டு மாட்டி, கையுறை போட்டு, என்னை அந்தப் பெட்டியின் முன்னால் நிறுத்தினாள். பார்த்தால் நம் வீட்டு ஃபிரிட்ஜில் பாதிகூட இல்லை. இதற்கா இத்தனை வருஷம் வயிறெரிந்தேன் என்றிருந்தது.

கைப்பிடியில் கை வைத்தவள் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா ஆச்சு?"

"மூச்சைப் பிடிச்சுக்கறேண்ணா. அக்கா பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. திறக்கறப்ப அவங்க மூச்சே விட மாட்டாங்க. இதுனால ஒண்ணும் ஆகப்போறதில்லன்னு எங்க லேப் சார்கூட சிரிப்பார்."

"அப்புறம் எதுக்காம்?"

"வீட்ல பழகிடுச்சும்மான்னு சொல்வாங்க. நீங்க டூட்டி முடிச்சுத் தூங்கறப்ப, தினமும் கதவைத் திறந்து ஒரு தடவை பாத்துட்டுத்தான் சாப்பிடுவாங்களாம். மூச்சு சத்தம் கேட்டாக்கூட முழிச்சுக்குவார், பாவம்னு சொல்வாங்க. உங்களுக்குத் தெரியாதாண்ணா?"

எனக்கு எப்படித் தெரியும்? அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தேனே. கல்பனா கைப்பிடியில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தாள். "நீ திறம்மா" என்றேன். அவள் திறந்தபோது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. எனக்கென்று நீ பழகிய பழக்கத்தை அதுகளுக்கும் கொடுத்துவிட்டாயே, அந்த ஆத்திரம் இருக்கிறது. ஆனால் முதலில் எனக்குத்தான். அது போதும்.

இன்றைக்கும் டூட்டி முடிந்து வந்திருக்கிறேன். இதை முடித்துவிட்டுப் படுக்க வேண்டும். ரூம் கதவை வெறுமனே சாத்தித்தான் வைப்பேன், தாழ் போட மாட்டேன். என்றைக்காவது அது திறந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணைத் திறந்து பார்ப்பேன்.

தூங்குவதுபோல் படுத்துக்கிடந்த உன் புருஷன்,
சாமுவேல்